உடன்படிக்கையும் உடன்வாழ்வும்

திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியை இவ்வூரில் அறியாதார் இலர். தங்கம்மா சண்முகம்பிள்ளை என்னும் அம்மையார், சைவப் பெண்பிள்ளைகள் தம் சமயச் சூழலிலேயே கல்வி பெறவேண்டுமென எண்ணி, 1923ஆம் ஆண்டில் தொடக்கிவைத்த பாடசாலை அது. அப்பாடசாலையோடு தொடர்புடைய இரண்டு நாள்களை வாசகர்க்கு நினைவூட்ட விரும்புகின்றோம். 1997 ஜூலை 5ஆம் நாள், அங்கு நடந்த நிகழ்ச்சியொன்றிற் கலந்துகொண்டு வெளியே வந்த பாராளுமன்ற உறுப்பினர் அருணாசலம் தங்கத்துரை தாக்குதலுக்கு இலக்காகி மாண்டார். 2022 பெப்ரவரி 2ஆம் நாள், அபாயா அணிந்த முஸ்லிம் ஆசிரியை ஒருவர் அங்கு கடமையேற்கச் சென்றபோது கூச்சலும் தள்ளுமுள்ளும் மூண்டன. முறைப்பாடுகள் பொலிசுக்கும், வழக்குகள் நீதிமன்றத்துக்கும் சென்றன.

முதல் நாளை மறந்தவர் பலர். இரண்டாம் நாளைப்பற்றிப் பேசாதவர் சிலரே. இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்கவேண்டும் என்பது எமது விண்ணப்பம். அதற்குரிய காரணம் மூதூர்த் தொகுதியின் பழங்கதையில் உள்ளது.

1960 முதல் 1977 வரை மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதியாக இருந்தது. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். தமிழ் வேட்பாளர் முஸ்லிம் ஊர்களுக்கும், முஸ்லிம் வேட்பாளர் தமிழ் ஊர்களுக்கும் அந்த இரண்டாம் வாக்கை நாடிச் செல்ல வழியிருந்தது. கொட்டியாரப்பற்றின் கலந்த வாழ்வைக் கண்டறிந்து சட்டம் அமைத்துக் கொடுத்த ஏற்பாடு அது. 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் அத்தொகுதியிலிருந்து இருவர் பாராளுமன்றம் சென்றனர். ஒருவர் தமிழரசுக் கட்சியின் தங்கத்துரை. மற்றவர் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் அப்துல் மஜீத். மஜீத் 1987 நவம்பரில் கிண்ணியாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். தங்கத்துரை வீழ்ந்த பதினைந்தாம் நாள், 1997 ஜூலை 20இல், மூதூரின் பிற்கால உறுப்பினரான மஹ்ரூபும் கொல்லப்பட்டார். மூன்று கொலைகளுக்கும் பழி விழுந்தது விடுதலைப் புலிகள் மீதே.

கட்சியாலும் கொள்கையாலும் வேறுபட்ட மூவர். இரு சமூகத்தாரிடமும் சென்று பேசக்கூடியவர்கள் என்பது ஒன்றே அவர்களுக்குப் பொது. அத்தகையோரை இழந்த மாவட்டத்தில், ஓர் ஆசிரியையின் மேலங்கி மூன்று நான்கு ஆண்டுகள் தீராத வழக்கானதில் வியப்பென்ன? பேசித் தீர்க்கவேண்டியதைப் பேசித் தீர்ப்பார் இல்லாதவிடத்து, அப்புக்காத்துமாரே எஞ்சுகின்றனர். எமது தொழிலுக்கு ஆதாயமெனினும், ஊருக்கு அது நட்டமே.

வழக்கின் வரலாறு நீண்டது, சுருங்கக் கூறுவோம். 2018 ஏப்ரலில் அப்பாடசாலையின் முஸ்லிம் ஆசிரியைகள் சிலர் புடைவைக்குப் பதிலாக அபாயா அணிந்து வந்தனர். அபாயா என்பது உடலை மூடும் தளர்ந்த மேலங்கி, முகத்தை மறைப்பதன்று. பெற்றோரும் பழைய மாணவியரும் வாயிலில் கூடி எதிர்த்தனர். ஆசிரியைகள் வேறு பாடசாலைக்குத் தற்காலிகமாக மாற்றப்பட்டனர். அவர்கள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டனர். ஆணைக்குழு விசாரித்து, நிகழ்ந்தது பாகுபாடென்று கண்டு, அவர்கள் விரும்பிய உடையிலேயே கற்பிக்க இடமளிக்கவேண்டுமெனப் பரிந்துரைத்தது. பரிந்துரையை நிறைவேற்றச்செய்ய மீண்டும் நீதிமன்றம் ஏறவேண்டியிருந்தது. அதன்பின் வந்ததே 2022 பெப்ரவரி.

சட்டத்தின் நிலையிற் குழப்பமில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், 12ஆம் உறுப்புரை சமத்துவத்தையும், 14ஆம் உறுப்புரை சமய அநுட்டானத்தையும் காக்கின்றன. அரசாங்கச் சம்பளம் பெறும் ஆசிரியையை அரசாங்கப் பாடசாலையில் இன்ன உடை உடுத்தாலன்றிக் கற்பிக்கவிடோம் என்று சொல்ல, சட்டத்தில் எமக்கு இடம் தென்படவில்லை. ஆயினும் சட்டம் மாத்திரம் பேசிவிட்டு நகர்வது நேர்மையாகாது. எதிர்த்து நின்ற தாய்மார் எல்லோரும் துவேஷிகள் அல்லர். போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து அக்கற்களைக் கோட்டைக்குச் சுமந்த ஊர் இது. 2005 மே மாதம் பேருந்து நிலையத்தருகே இரவோடிரவாகப் புத்தர் சிலை எழுந்த ஊரும் இதுவே. இங்கே சைவன் ஒருவன், தன்னிடம் எஞ்சியிருக்கும் சிறு முற்றத்தையும் நாளை பறிகொடுப்பேனோ என்று அஞ்சுவதற்குக் காரணங்கள் உள. அவ்வச்சத்தை ஏளனஞ் செய்வோர்க்கு இவ்வூரின் வரலாறு தெரியாது.

ஆனால், அதே வரலாறு எம்மிடம் இன்னொரு வினாவையும் எழுப்புகின்றது. சைவப் பாடசாலைகள் ஏன் எழுந்தன? ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை ஏன் தொடக்கினார்? மிஷன் பாடசாலையில் படிக்கச் சென்ற பிள்ளை, நெற்றித் திருநீற்றைக் காக்க வழியின்றித் தவித்த காலம் அது. கல்வி வேண்டுமா, சமயச் சின்னம் வேண்டுமா, இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள் என்று பிறர் எம்மை நெருக்கினர். அந்நெருக்குதலை அநீதியென்று கண்டு பிறந்த பாடசாலைகளின் வாயிலில், அதே தெரிவை வேறொரு பெண்ணின் முன் நாம் வைக்கலாமா?

முஸ்லிம் பெண்கள் முன்னர் புடைவைதானே உடுத்தார்கள், முந்தானையால் தலையை மூடினால் போதாதா, அபாயா அரபு நாட்டுச் சரக்கன்றோ என்பர் சிலர். புடைவை உடுத்தார்கள் என்பது உண்மை. அது போதுமா, போதாதா என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் எமக்கு எங்கிருந்து வந்தது? வேட்டியா, காற்சட்டையா என்று எமக்கு எவரும் கட்டளையிட்டதில்லை.

இனி, இவ்விவாதத்தில் நாள்தோறும் அடிபடும் வேறொரு கூற்றுக்கு வருவோம். இஸ்லாம் பிற சமயத்தாரைச் சகிப்பதில்லை. ஆகவே நாமும் சகிக்கவேண்டியதில்லை என்கின்றனர் ஒருசாரார். இஸ்லாம் சமாதான மார்க்கம். வேறு பேச்சில்லை என்று கூறி நூலை மூடிவிடுகின்றனர் மற்றொருசாரார். இரண்டும் சோம்பேறிகளின் வாதம். சட்டம் படித்தவன் என்ற முறையில், அம்மார்க்கத்தின் மூல வரலாறுகளை ஒரு வழக்குக் கட்டைப் புரட்டுவதுபோற் புரட்டிப் பார்த்ததில் எமக்குத் தென்பட்டதைக் கூறுகின்றோம். அங்கே உடன்வாழ்வு என்பது தயவின்பாற்பட்ட பொருளாக வைக்கப்படவில்லை. உடன்படிக்கையின்பாற்பட்ட கடமையாக வைக்கப்பட்டிருக்கின்றது. குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் தொடங்குவதே உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு விசுவாசிகளுக்கு இடும் கட்டளையோடுதான்.

முதலில் அபிசீனியா. கி.பி. 615 அளவில், மக்காவிற் கொடுமை தாங்காத முஸ்லிம்கள் சிலர் நபிகளின் அறிவுரைப்படி கடல் கடந்து கிறிஸ்தவ மன்னனொருவனின் நாட்டிற் புகலடைந்தனர். ஜஃபர் இப்னு அபீதாலிப் அம்மன்னனின் சபையில் எழுந்து நின்று தம்மவரின் வழக்கை எடுத்துரைத்தார். துரத்திவந்த மக்காத் தூதரிடம் அவர்களை ஒப்படைக்க மன்னன் மறுத்தான். அவர்களுட் சிலர் பத்தாண்டுக்கு மேலாக அங்கேயே வாழ்ந்தனர். இஸ்லாமிய வரலாற்றின் முதற் குடியேற்றம், முஸ்லிம்கள் சிறுபான்மையாய், பிற சமயத்தவன் ஆட்சியிற் குடிகளாய் வாழ்ந்த குடியேற்றம் என்பது பலர் கவனியாத செய்தி. எமது கீழ் மாகாணத்துக்கும் இதையொத்த கதையொன்றுண்டு. போர்த்துக்கேயர் 1626இல் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்றுக் கிழக்கிலே குடியிருத்தினான். அவன் பௌத்தன்.

அடுத்தது மதீனா. 622ஆம் ஆண்டில் நபிகள் அந்நகருக்குச் சென்றபின் அங்கிருந்த முஸ்லிம் குலங்களையும் யூதக் குலங்களையும் பிணைத்து எழுதப்பெற்ற உடன்படிக்கையின் வாசகம் இப்னு இஸ்ஹாக்கின் வரலாற்று நூல் வழியாக எமக்குக் கிடைத்திருக்கின்றது. யூதர்க்கு அவர்தம் மார்க்கம், முஸ்லிம்களுக்கு அவர்தம் மார்க்கம். நகரைத் தாக்குவோரை எதிர்ப்பதில் இருசாராரும் ஒன்று. செலவை அவரவர் ஏற்பர். பிணக்கு எழுந்தால் தீர்ப்பவர் இன்னார் என இது பேசும் மொழி ஒரு நொத்தாரிசு எழுதிய உறுதியின் மொழியையே எமக்கு நினைவூட்டுகின்றது. அறிஞர் முகம்மது ஹமீதுல்லாஹ் இதனை உலகின் முதல் எழுத்துமூல அரசியலமைப்பென்றே கொண்டாடினார். அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை என்பதையும் மறைக்கலாகாது. சில ஆண்டுகளுக்குள் யூதக் குலங்களோடு போரும் வெளியேற்றமும் கடுந்தண்டனையும் நிகழ்ந்தன. உடன்படிக்கை மீறப்பட்டதென்பது முஸ்லிம் வரலாற்றாசிரியர் கூறும் காரணம். அதை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர். ஆயினும் அக்காரணமே உடன்படிக்கை என்ற அடிப்படையில் நின்றுதான் பேசுகின்றது.

எம்மை மிகவும் ஈர்த்தது ஹுதைபிய்யா. 628ஆம் ஆண்டு, மக்காவுக்குப் புனித யாத்திரை செய்யப் புறப்பட்ட முஸ்லிம்களை மக்காவார் நகர்க்கு வெளியே மறித்தனர். பத்தாண்டுப் போர்நிறுத்தம் பேசப்பட்டது. எழுதுபவர் அலீ, மறுபக்கத்துத் தூதர் சுஹைல் இப்னு அம்ர். தலைப்பிலே இறைவனுக்குரிய திருநாமங்களை எழுதியதும் சுஹைல் மறுத்தார். அந்நாமங்களைத் தாம் அறியோம் என்றார். பழைய வழக்கப்படி எழுதப்பட்டது. பின்னர் இறைவனின் தூதர் முகம்மது என எழுதியதும் மீண்டும் தடுத்தார். நீர் இறைவனின் தூதர் என்று நாம் ஏற்றிருந்தால் இந்தப் பிணக்கே ஏது என்பது அவரது வாதம். சட்டத்தரணியின் காதுக்கு அது சரியான வாதமாகவே படும். அலீயின் கை அதனை அழிக்க ஒப்பவில்லை. நபிகள் தாமே அச்சொற்களை நீக்கச் செய்து, அப்துல்லாவின் மகன் முகம்மது என்று எழுதுவித்தார். தம் மார்க்கத்தின் மையமான சொல்லை, தம்மை நம்பாதவனோடு செய்யும் பத்திரத்தில் வற்புறுத்தவில்லை. சொல்லை விட்டுக்கொடுத்தாரேயன்றி, நம்பிக்கையை விட்டாரல்லர். உமர் போன்ற நெருங்கிய தோழர்க்கே அது அவமானமாகத் தோன்றியது.

கதை அத்தோடு முடியவில்லை. மை உலருமுன், அந்தச் சுஹைலின் மகனே, முஸ்லிமாகித் தந்தையால் விலங்கிடப்பட்ட அபூ ஜன்தல், தப்பிவந்து அடைக்கலம் கேட்டார். மக்காவிலிருந்து ஓடிவருவோரைத் திருப்பி அனுப்பவேண்டும் என்பது பத்திரத்தின் விதி. பொறுத்திரு என்று ஆறுதல் கூறி அவரைத் திருப்பி அனுப்பினார் நபிகள். கொடுத்த வாக்கின் பாரத்தை இதைவிடக் கடுமையாக உணர்த்தும் நிகழ்ச்சியை யாம் அறிந்ததில்லை.

எருசலேம் பற்றிய செய்தியொன்றைக் கூறி இதனை முடிப்போம். இது காணி வழக்குகளிற் பழகியவர்க்கு உடனே விளங்கும். கலீபா உமர் அந்நகருக்கு வந்தபோது, கிறிஸ்தவரின் திருக்கல்லறைத் தேவாலயத்தினுள் தொழுகை நேரம் வந்ததாகவும், உள்ளேயே தொழுமாறு தலைமைக் குரு அழைத்ததாகவும், உமர் மறுத்து வெளியே சென்று தொழுததாகவும் மரபு கூறுகின்றது. நான் இங்கே தொழுதேன் என்பதைக் காட்டிப் பின்வருவோர் இவ்விடத்துக்கு உரிமை கோருவர் என்று அவர் அஞ்சினாராம். இரவோடிரவாகச் சிலை வைத்து விடிந்ததும் உரிமை பேசும் நாட்டில் இந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பக் கூறுதல் தகும்.

இவற்றைச் சொல்லும்போது, பிற்காலச் சட்டநூல்களில் பிற சமயத்தார் வரி செலுத்திப் பாதுகாப்புப் பெறும் இரண்டாந்தரக் குடிகளாக வைக்கப்பட்டனர் என்பதை விட்டுவிடலாகாது. அது சமத்துவமன்று. அக்கால ஐரோப்பா யூதருக்குச் செய்ததைவிட மேலென்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அளவுகோல் அதுவன்று. 1856ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் துருக்கி சுல்தானே சகல குடிகளுக்கும் சமத்துவத்தை அறிவித்தார். 1938இல் தேவ்பந்தின் பேரறிஞர் ஹுசைன் அகமது மதனி, மதீனா உடன்படிக்கையைச் சான்று காட்டி, இந்து, முஸ்லிம் முதலிய யாவரும் ஒரே தேசத்தினராய் வாழ்தல் மார்க்கத்துக்கு ஒத்ததே என நூலெழுதிப் பாகிஸ்தான் பிரிவினையை எதிர்த்து நின்றார். 2016இல் மராக்கேஷ் நகரிற் கூடிய முஸ்லிம் அறிஞர்கள், முஸ்லிம் நாடுகளிலுள்ள சிறுபான்மையினரின் உரிமைகளுக்கு அதே மதீனா உடன்படிக்கையை அடிப்படையாக வைத்துப் பிரகடனம் செய்தனர். ஆகவே மார்க்கத்துள்ளேயே இவ்விவாதம் உயிரோடிருக்கின்றது. அதில் எந்தப் பக்கம் வெல்லும் என்பதில் அயலவராகிய எமது நடத்தைக்கும் பங்குண்டு.

சகிப்பு என்ற சொல்லை நாம் விரும்புவதில்லை. நோயைச் சகிக்கலாம்; வெயிலைச் சகிக்கலாம். அயலானைச் சகிக்கிறேன் என்பது, அவன் இருப்பதே எனக்கு ஓர் உபத்திரவம் என்று சொல்வதற்கு ஒப்பாகும். சிங்களப் பெரும்பான்மை எம்மைச் சகித்தால் நாம் திருப்தியடைவோமா? சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு காத்த சமத்துவம் 1972இல் நீங்கி, ஒரு மதத்துக்கு முதன்மை இடம் எழுதப்பட்டபோது, அதனுடன் ஏனைய மதங்களுக்கும் உரிமைகள் உறுதியளிக்கப்பட்டனவே என்று எமக்குச் சமாதானம் கூறினர். நாம் அதை ஏற்றோமா? உரிமையென்று கேட்பவன், தன் அயலவனுக்குச் சகிப்பை நீட்டுவது எவ்வகை நியாயம்?

முஸ்லிம்களுக்கும் எமக்கும் இடையிலுள்ள கணக்கை ஒளிவின்றிப் பார்த்தல் வேண்டும். தமிழ் பேசும் மக்கள் என்ற அரிய தொடரை உருவாக்கி, அதனுள் முஸ்லிம்களையும் அடக்கினோம். அடங்கச் சம்மதமா என்று அவர்களைக் கேட்டவர் எத்தனை பேர்? 1961ஆம் ஆண்டுச் சத்தியாக்கிரகத்தில் கிழக்கிலே முஸ்லிம்களும் கச்சேரி வாயில்களில் எம்மோடு அமர்ந்தனர். 1987ஆம் ஆண்டு இலங்கை இந்திய உடன்படிக்கை வடக்கையும் கிழக்கையும் இணைத்தபோது, கிழக்கின் முஸ்லிம்கள் அதில் கையொப்பக்காரர் அல்லர். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேல் கொல்லப்பட்டனர். ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் ஒருசேர வெளியேற்றப்பட்டனர். 2002 ஏப்ரலில் பிரபாகரனும் ஹக்கீமும் கிளிநொச்சியில் உடன்பாடொன்றிற் கையொப்பமிட்டனர். ஓராண்டுக்குள் மூதூரில் தமிழரும் முஸ்லிம்களும் மோதினர். சுனாமி நிதிக்கென 2005 ஜூனில் பொதுக் கட்டமைப்பு உடன்படிக்கை எழுதியபோதும், கடலுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த முஸ்லிம்களுக்குக் கையொப்பமிட இடம் வைக்கப்படவில்லை. ஒரு தரப்பு இல்லாமல் எழுதிய உறுதி அத்தரப்பைக் கட்டாது என்பது சட்டக் கல்லூரியின் முதலாம் ஆண்டுப் பாடம்.

முஸ்லிம் சமூகத்திடமும் கேட்கவேண்டியவை உள. 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் பிறவிடங்களிலும் நிகழ்ந்த படுகொலையைச் செய்தோர் தம்மை முஸ்லிம்கள் என்றே சொல்லிக்கொண்டனர். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அக்கொலையாளிகளின் சடலங்களைப் பொறுப்பேற்க மறுத்தது, அதை வரவேற்றோம். ஆனால், அவர்களின் பிரசங்கம் ஊர்களுள்ளே முதலில் ஒலித்தபோது, அண்டை வீட்டாரை இழித்துப் பேசாதே என்ற குரல் அதற்கு ஈடாக எழுந்ததா? பிறர் வழிபடும் தெய்வங்களை ஏசுதலைக் குர்ஆனின் ஆறாம் அத்தியாயம் வெளிப்படையாகவே விலக்குகின்றது. அதனைப் பள்ளிவாசல் மேடையில் எடுத்துரைப்பது மௌலவிமாரின் கடமை. நாம் சொன்னால் எடுபடாது. கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் பாடசாலைகளில் தமிழ் ஆசிரியைகள் பொட்டும் புடைவையுமாய்க் கற்பித்திருக்கின்றனர். அது எந்நாளும் அவ்வாறே நடக்கும் என்பதற்கு முஸ்லிம் பெற்றோர் பிணை நிற்கவேண்டும். சண்முகக் கல்லூரியில் ஒரு ஆசிரியை கேட்கும் உரிமையின் மறுபாதி அது.

உடையின் பேரால் துன்புறுவது யாரென்று பார்த்தால், எப்போதும் பெண்களே. 2022 பெப்ரவரியில் இங்கே வாயிலில் சச்சரவு. அதே மாதம் கர்நாடக மாநிலத்திலும் மாணவியரின் தலைமறைப்புக்காகக் கல்லூரி வாயில்கள் அடைபட்டன. அவ்வழக்கில் இந்திய உச்ச நீதிமன்ற நீதியரசர் இருவரும் அவ்வாண்டு ஒக்டோபரில் ஒருவருக்கொருவர் மாறாகத் தீர்ப்பளித்தனர். 2024இல் திருகோணமலை சாஹிராக் கல்லூரி மாணவியர் எழுபது பேரின் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள், காதை மறைத்திருந்தனர் என்ற காரணத்தால் நிறுத்திவைக்கப்பட்டன, பின்னரே விடுவிக்கப்பட்டன. ஆண்களின் தாடிக்காக எந்தப் பெறுபேறும் நிறுத்தப்பட்டதாக நாம் கேள்விப்படவில்லை.

இத்தனைக்கும் நடுவே, எமது மக்கள் சரியான வழியை அறியாதவர்களும் அல்லர். கொரோனாக் காலத்தில் முஸ்லிம்களின் சடலங்களை அவர்தம் விருப்பத்துக்கு மாறாக அரசு எரித்தது. 2021 பெப்ரவரி தொடக்கத்தில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியில், தமிழர் தம் கோரிக்கைகளோடு முஸ்லிம்களின் அடக்கஞ் செய்யும் உரிமையையும் சேர்த்துக் கோரினர். முஸ்லிம்கள் வழியில் வந்து இணைந்தனர். திருகோணமலை வழியாகவும் அப்பேரணி சென்றது. இறந்த முஸ்லிமின் உடலுக்காக வீதியில் நடந்த நாம், ஓராண்டு கழியுமுன் உயிரோடிருக்கும் முஸ்லிம் பெண்ணின் உடைக்காக வாயிலை மறித்தோம்.

கமக்காரருக்கு இவை யாவும் நகரத்துப் படித்தவர்களின் பேச்சாகத் தோன்றலாம். அவர்கட்கு ஒரு காணிக் கதை சொல்வோம். கொட்டியாரப்பற்றிலே ஒரு தமிழ்க் குடும்பம் போரால் இடம்பெயர்ந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர்களின் வயலை அயலிலிருந்த முஸ்லிம் கமக்காரர் விதைத்து வந்தார். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, பத்தாண்டு தடையின்றி எதிராட்சி செய்தவன் உரிமை கோரலாம். போரால் இடம்பெயர்ந்தோரைக் காக்க 2016இல் தனிச் சட்டம் வந்தது. இது அதற்கு முந்திய காலம். குடும்பத்தின் பிள்ளைகள் திரும்பிவந்து, காணி போய்விட்டதென்றே எண்ணி எம்மிடம் வந்தனர். நாம் வழக்குப் பத்திரத்தைத் தயாரிக்குமுன் ஒருமுறை அம்முதியவரைச் சென்று கண்டோம். அவர் எம்மைத் திண்ணையில் இருத்தித் தேநீர் தந்துவிட்டுச் சொன்னார்: “இது அவங்கட வாப்பா என்னட்டப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போன காணி தம்பி. அமானிதம். விதைச்சதுக்குக் கணக்கு வச்சிருக்கன். வந்து எடுக்கச் சொல்லுங்க.”

அமானிதம் என்பது, ஒருவன் நம்பி ஒப்படைத்த பொருள். அதை உரியவரிடம் சேர்க்காதவன் இறைவனுக்கு விடை சொல்லவேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. எழுத்தில்லை, சாட்சியில்லை, நொத்தாரிசும் இல்லை. சட்டம் அவருக்குச் சாதகமாக நின்றும் அவர் அதைத் தொடவில்லை. இதற்கு மாறான வழக்குகளும் எமது அலுமாரியில் உள. இரு சமூகத்தாரின் பேரிலும் உள. ஆனால் அந்தத் திண்ணையில் இருந்தபோது, இஸ்லாமியச் சட்டத்தில் உடன்படிக்கைக்குரிய இடத்தை, நாம் படித்த நூல்களைவிடத் தெளிவாக அறிந்துகொண்டோம்.

பெரும்போகம் தொடங்குமுன் கூடும் கமக்காரர் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்நாளில் வாய்க்காலிற் நீர் விடுவது, எந்நாளில் விதைப்பை முடிப்பது, எந்நாளில் மாடுகளை வெளியேற்றுவது, வேலி அடைக்காதவனுக்கு என்ன தண்டம் என அங்கே தீர்மானிக்கின்றனர். தமிழனும் முஸ்லிமும் சிங்களவனும் ஒரே குளத்து நீருக்குக் கையொப்பம் வைக்கின்றனர். ஒருவரையொருவர் நேசிக்கவேண்டும் என்று வட்டவிதானை எவருக்கும் போதிப்பதில்லை. தீர்மானத்தை மீறினால் அயலானின் பயிர் கருகும் என்பது யாவருக்கும் தெரியும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இம்மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பதின்மர். தமிழர் முப்பதின்மருக்குச் சற்று மேல். எஞ்சியோர் பெரும்பாலும் சிங்களவர். எவரும் தனித்து அரைவாசி அல்லர். இத்தகைய நிலத்தில் நீருக்குச் செய்வதைப் பாடசாலைக்குச் செய்யமுடியாதென்று யார் சொன்னது?

ஆகவே ஒரு யோசனையை முன்வைக்கின்றோம். திருகோணமலை வலயத்துத் தமிழ்மொழிப் பாடசாலைகளின் அதிபர்கள், பெற்றோர் சங்கங்கள், கோயில் பரிபாலன சபையினர், பள்ளிவாசல் நிருவாகத்தினர், பங்குத் தந்தையர் ஆகியோர் ஒரு மேசையில் இருந்து ஓர் உடன்படிக்கை எழுதவேண்டும். ஒவ்வொரு பாடசாலையின் சமயப் பண்பும், காலை வழிபாடும், விழாக்களும் எவர் வருகையாலும் மாறா என்று அது உறுதிகூற வேண்டும். எந்த ஆசிரியரும் தம் சமயம் விதித்த உடையோடும் சின்னத்தோடும் எந்தப் பாடசாலையிலும் கற்பிக்கலாம் என்பதும் அதே தாளில் எழுதப்படல் வேண்டும். ஒன்றைக் கிழித்து மற்றதை வைத்துக்கொள்ள இடமிருக்கலாகாது. பிணக்கு எழுந்தால் வாயிலிற் கூடுமுன் யாரிடம் செல்வது என்பதையும் பெயர் குறித்துக் காட்டவேண்டும். ஆசிரியைகளும் அம்மேசையில் இருக்கவேண்டும். அவர்களின் உடையைப்பற்றி ஆண்கள் மாத்திரம் கூடிப் பேசிய கூட்டங்கள் போதும்.

முதல் வரைவை எழுதித்தர இரு சமூகத்துச் சட்டத்தரணிகளும் இந்நகரில் இருக்கின்றனர், கூலி கேட்கமாட்டோம். எந்தச் சொல்லுக்கு எத்தரப்பார் தடை சொன்னாலும், ஹுதைபிய்யாவை நினைந்து, அச்சொல்லை அழித்து வேறொன்று எழுத ஆயத்தமாய் வருவோம். கூட்டத்துக்கு இடம் எதுவென்று கேட்டால், சண்முகக் கல்லூரியின் மண்டபத்தையே கேட்போம்.